சொர்க்கம் வழங்கும் இருபெரும் வள்ளல்கள்

மானுட குலத்துக்கு அளவிறந்த தொண்டாற்றிய பெருந்தகையோர் இருவர் உளர். ஒருவர், செத்த பிறகு சொர்க்கம் அருளும் சமயத் திருவாளர். மற்றவர், செத்த பிறகு எதற்கு, இங்கேயே கட்டித் தருகிறேன் என்று எழுந்தருளிய பொன்னுலகப் புரட்சித் திருவாளர். இவ்விருவருள் பூமியின் பாரத்தை அதிகம் குறைத்தவர் யார் என்னும் வழக்கு நெடுங்காலமாய் நடந்து வருகிறது. இதில் அவர்கள் காட்டும் தன்னடக்கத்தை என்னென்பது! மற்ற போட்டிகளில் பரிசு எனக்கே என்று முட்டி மோதுவார்கள். இங்கேயோ, கிரீடம் அவருக்கே உரியது என்று இவரும், ஐயோ, அவர் சாதனைக்கு முன் நான் எம்மாத்திரம் என்று அவரும் மன்றாடுகிறார்கள். இத்தகைய பணிவாளரின் பெருமையைப் பிறர்தான் எடுத்துரைக்க வேண்டும். அந்தப் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கிறது.

வயதில் மூத்தவரை முதலில் வணங்குவோம். அவர் சட்டத்தைத் தலைமேல் வைத்துப் போற்றுபவர். புதிய உலகத்து மக்கள்மீது வாளை உருவும் முன் முறைப்படி வாசிக்க வேண்டிய அறிக்கையொன்றை 1513இல் ஸ்பெயின் அரசவை இயற்றியது. உலகைப் படைத்தவர் யார், அவருக்காக ஆளும் போப்பாண்டவர் யார், அவர் இந்த நிலத்தை ஸ்பெயின் மன்னருக்கு எவ்வாறு வழங்கினார் என்பதையெல்லாம் அது விளக்கும். பணியாவிட்டால் விளையும் சாவுகளுக்கும் அழிவுக்கும் நீங்களே பொறுப்பு என்று முடியும். கேட்பவருக்கு ஸ்பானிய மொழி தெரியாதே என்று கேட்பது சிறுமதி. கப்பல் தளத்தில் நின்றபடியும் வாசித்தார்கள். ஆளில்லாத குடிசைகளைப் பார்த்தும் வாசித்தார்கள். கேளாத செவிக்கும் அறம் உரைத்த சான்றோர்! நிலத்தைத் தம் பெயருக்கும் பழியைச் செத்தவர் பெயருக்கும் ஒரே பத்திரத்தில் எழுதிவைத்த நேர்த்தி வேறெந்தக் கச்சேரியில் காணக் கிடைக்கும்?

1478இல் தோன்றி 1834 வரை தழைத்த ஸ்பானிய சமய விசாரணை மன்றத்தின் தூய்மையோ இன்னும் ஒரு படி மேல். திருச்சபையின் திருக்கரத்தில் ஒரு துளி இரத்தமும் படலாகாது என்பது அதன் நெறி. ஆகவே குற்றவாளியை அரசு அதிகாரிகளிடம் ஒப்படைத்து, இவரிடம் இரக்கம் காட்டுங்கள் என்று பரிந்துரையும் செய்து அனுப்பினார்கள். அதிகாரிகள் அந்தப் பரிந்துரையின் உட்கருத்தை உணர்ந்து விறகடுக்கினார்கள். புகார் கொடுத்தவரின் பெயரைச் சிக்கியவரிடம் சொல்லாத நாகரிகம் அங்கே இருந்தது. இறந்தோரையும் மறவாமல், எலும்பைத் தோண்டி எடுத்து எரித்த வாஞ்சை இருந்தது. அவர்கள் விட்டுச் சென்ற சொத்தைப் பறிமுதல் செய்து, பிள்ளைகளைப் பொருளாசையிலிருந்து காத்த பரிவும் இருந்தது. போர்த்துக்கீசியர் தயவால் அந்த அருள் 1560இல் கோவாவிலும் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பழைய தெய்வத்தைக் கும்பிட்டவர்களையும் தேடிச் சென்று ஆட்கொண்டது. 1812இல் விடைபெற்றபின் அதன் ஏடுகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. தன் புகழைத் தானே பறைசாற்றாத அடக்கம்!

கலையையும் அவர் புரக்காமல் விட்டதில்லை. 1572இல், பார்த்தலோமியுவின் திருநாளையொட்டிப் பாரிசில் ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்டுகள் வெட்டுண்ட செய்தி ரோமாபுரியை எட்டியது. போப் பதின்மூன்றாம் கிரகோரி நன்றிப் பாடல் பாடுவித்தார். நினைவுப் பதக்கம் வெளியிட்டார். பெரும் ஓவியர் வசாரியைக் கொண்டு அக்காட்சிகளை வத்திக்கான் மண்டபச் சுவரில் தீட்டுவித்தார். கொலைகாரர்கள் தடயத்தை மறைப்பார்கள். இவர் வண்ணம் பூசினார்.

இளையவரோ இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று எள்ளி நகையாடியவர். பகுத்தறிவின் பேரொளியில் எதையும் சுணக்கமின்றிச் செய்து காட்டியவர். 1794 ஜூன் 8 அன்று பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் பாரிசில் பரம்பொருளுக்கு மலர்விழா எடுத்தார். ஜூன் 10 அன்று புதுச்சட்டம் பிறந்தது. அதன்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்புகள் இரண்டே, விடுதலை அல்லது மரணம். வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேய்ந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். அடுத்த மாதமே ரோபஸ்பியர், விசாரணை என்னும் அந்தச் சிறு தாமதமும் இன்றி, அச்சட்டம் பிறரை அனுப்பிய அதே கில்லட்டின் கத்திக்குத் தம் தலையை ஈந்து சட்டத்துக்குப் பெருமை சேர்த்தார்.

திட்டமிடும் கலையை முழுமையாக்கியவர் ஸ்டாலின் பெருமான். 1937 ஜூலை ஆணையில் மாகாணம் மாகாணமாக ஒதுக்கீடு தரப்பட்டது: இத்தனை பேருக்குத் துப்பாக்கி, இத்தனை பேருக்கு முகாம். ஒதுக்கீடு போதவில்லை, கூட்டித் தருக என்று மாகாண அதிகாரிகள் விண்ணப்பித்தார்கள்; கடமையில் என்னே ஆர்வம்! 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில், காவல்துறை ஏட்டுக் கணக்குப்படியே, சுடப்பட்டோர் ஏறத்தாழ 6,80,000. அதே 1937இல் மக்கள்தொகைக் கணக்கும் எடுத்தார்கள். 1932-33 பஞ்சத்தில் மாண்ட இலட்சோப இலட்சம் உழவர்களின் இடம் அதில் பள்ளமாய்த் தெரிந்தது. கணக்கைத் திருத்துவதினும் கணக்கரைத் திருத்துவது சாலச் சிறந்தது அல்லவா? கணக்கெடுப்பை ரத்து செய்து, நடத்தியவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். சிலரை மண்ணுக்கே அனுப்பினார்கள். எண்கள் அதன்பிறகு ஒழுக்கமாக நடந்துகொண்டன.

சீனத்துப் பெருந்தலைவர் மாவோவின் கருணை பறவைகள்வரை படர்ந்தது. 1958இல் சிட்டுக்குருவி தானியம் தின்னும் பகை என்று ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாடே தட்டும் முரசும் கொட்டி, குருவிகள் களைத்து விழும்வரை விரட்டியது. குருவி ஒழிந்ததும் பூச்சி பெருகியது. 1960இல் குருவிக்குப் பொதுமன்னிப்பு வழங்கி, பட்டியலில் அதன் இடத்தை மூட்டைப்பூச்சிக்கு அளித்தார்கள். விளையாத நெல் விளைந்ததாக அதிகாரிகள் எழுதினார்கள். எழுதிய அளவுக்கு அரசு வசூலித்தது. ஊர் பட்டினி கிடக்கக் கப்பலேற்றி ஏற்றுமதியும் செய்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் ஒன்றரைக் கோடி என்பார் உளர்; நாலரைக் கோடி என்பார் உளர். மூன்று கோடி மனிதர்கள் மதிப்பீட்டு வேறுபாடாகச் சுருங்கும் அளவுக்குப் பெருங்கை படைத்த வள்ளலை வேறெங்கு காண்போம்?

இவ்விருவரும் பகைவர் என்று நினைப்போர் உற்று நோக்காதவர்கள். ஒரே குருகுலத்தில் ஓதிய சீடர்கள் அவர்கள். இருவருக்கும் உயிர் மட்டும் போதாது, ஒப்புதலும் வேண்டும். சமய விசாரணையில், வதைக்கூடத்தில் சொன்னதை வெளியே வந்தபின் மனமுவந்து சொன்னதாக மறுபடி உறுதி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வதைக்கூடம் அங்கேயேதான் இருந்தது. 1938இல் மாஸ்கோவில், புரட்சியின் செல்லப்பிள்ளையாயிருந்த புகாரின் என்பவர், புரட்சிக்குத் தாம் துரோகி என்று மன்றத்தில் ஒப்புக்கொண்டு இறந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று கம்போடியாவின் புனோம் பென் நகருக்குள் தம் படையை அனுப்பி, மருத்துவமனைப் படுக்கைகளையும் விடாமல் ஊரைக் காலி செய்வித்த போல் பாட் பெருந்தகையின் ஆட்சியில், ஒரு பள்ளிக்கூடம் துவோல் ஸ்லெங் சிறையாகப் பதவி உயர்வு பெற்றது. அதன் தலைவர் கணித ஆசிரியர். பல்லாயிரவரைப் படமெடுத்து, அயல்நாட்டு ஒற்றர் என்று அவரவர் கையால் எழுதி வாங்கி, ஒழுங்காகக் கோப்பில் சேர்த்தபிறகே அனுப்பி வைத்தார். அந்த ஆட்சி நடந்தது நான்காண்டுக்கும் குறைவு. நாட்டில் நால்வருக்கோ ஐவருக்கோ ஒருவர் வீதம் குறைந்தார்.

இத்துணைப் பெரியோருக்கு வாய்த்த இன்றைய வழக்கறிஞர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். விசாரணை மன்றம் முந்நூற்றைம்பது ஆண்டில் கொன்றது சில ஆயிரமே, ஸ்டாலினுக்கு அது சில நாள் வேலை என்று ஒரு தரப்பு சாந்தமாகக் கணக்குக் காட்டும். அன்று மக்கள்தொகை குறைவு, ரயிலும் இயந்திரத் துப்பாக்கியும் இல்லை, விகிதம் பார்க்க வேண்டாமா என்று மறுதரப்பு பொறுமையாய் வகுத்துக் காட்டும். அது உண்மைச் சமயம் அன்று என்பார் ஒருவர். அது உண்மைப் பொதுவுடைமை அன்று என்பார் மற்றவர். ஹிட்லர் பேச்சு வந்தால், கல்யாணப் பந்தியில் வெற்றிலை நீட்டுவதுபோல், உங்களுக்குத்தான் உங்களுக்குத்தான் என்று உபசாரம் நடக்கும். சாம்பலை முன்னே வைத்துக்கொண்டு தசமப் புள்ளி தவறாமல் கழித்துப் பார்க்கும் இந்தச் சமநிலை முற்றும் துறந்த முனிவர்க்கும் எளிதில் கைகூடாது.

இத்தகைய இரு திருமரபுகளுக்கும் சிறு கறைகள் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. 1553இல் ஜெனீவாவில் சமயக் கருத்து வேறுபாட்டுக்காகச் செர்வேட்டஸ் என்பவரைக் கொளுத்தியபோது, காஸ்தெல்லியோ என்னும் கிறிஸ்தவர், கொள்கைக்காக ஆளைக் கொல்லலாகாது என்று மறு ஆண்டே நூல் எழுதித் தம் சமயத்துக்குத் தலைகுனிவு தேடித் தந்தார். 1959இல் பெங் தெஹுவாய் என்னும் பொதுவுடைமைத் தளபதி, ஊர்களில் நடப்பதைக் கண்டு வந்து மாவோவுக்கே கடிதம் எழுதும் அளவுக்கு நாகரிகம் இழந்தார். பதவி பறிபோனது, பிறகு செங்காவலர் கையால் அடிபட்டு, 1974இல் காவலிலேயே இறந்தார். எதிர் அணியின் பிணங்களை எண்ணும் எளிய வேலையை விட்டுவிட்டுச் சொந்த வீட்டுப் பிணத்தைப் பார்த்தவர்கள் இவர்கள். இந்தத் தீய பழக்கம் பரவாததால்தான் இரு மரபுகளும் பிழைத்தன.

ஆகவே கிரீடம் யாருக்கு என்று தீர்ப்பளிக்கும் துணிவு அடியேனுக்கு இல்லை. வழக்கு ஊழிக்காலம் வரை நீடிக்கட்டும்; வாதங்கள் மென்மேலும் கூர்மை பெறட்டும். என்றேனும் எவரேனும் தீர்த்து வைத்துவிட்டால், கிரீடத்தை மற்றவர் தலையில் சூட்டிவிட்ட பெருந்தகை, அவரைவிட நான் குறைவாகத்தானே கொன்றேன் என்னும் நற்சான்றோடு வீடு திரும்புவார். அந்தச் சான்றிதழைக் காட்டி அவர் அடுத்த சொர்க்கத்துக்கு அடிக்கல் நாட்டுவார். நாமும் வழக்கம்போல் கைதட்டி, கல் சுமக்க வரிசையில் நிற்போம்.