முறுக்குக்கு ஜாமீன் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேன்மைதங்கிய மல்டிபிளெக்ஸ் நிர்வாகத்தார், மாலின் மேல் மாடி.

பொருள்: ஞாயிறு மாலைக் காட்சிக்கு முன் தங்கள் வாசலில் கைதான மணப்பாறை முறுக்குகளை விடுவிப்பது தொடர்பாக.

ஐயா,

முதலில் தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு என் மனமார்ந்த பாராட்டு. எங்கள் பெரியம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, மீனம்பாக்கம் வந்து மெட்ரோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். மெட்ரோ நிலையத்து ஸ்கேனர்கூட அவர் பைக்குள் இருந்த ஆபத்தைக் காணவில்லை. தங்கள் காவலர் அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

நடந்ததைத் தங்கள் கோப்புக்காகப் பதிவு செய்கிறேன். ஜிப்பைத் திறக்கச் சொன்னார்கள். மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, திருநீற்றுப் பொட்டலம், ஒரு பழைய துண்டு எல்லாம் மேசைக்கு வந்தன. கடைசியாக எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்ததும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் செல்போனையும் தூக்கிப் பிடித்தான். "வெளி ஐட்டம் உள்ள அலவ்ட் இல்லம்மா" என்றார் காவலர். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "வெளி ஐட்டம் இல்ல தம்பி, வீட்டுல சுட்டது. நீயும் ரெண்டு எடுத்துக்கப்பா" என்றார். இதை லஞ்சம் கொடுக்க முயன்றதாக வழக்கில் சேர்க்காமல் விட்ட தங்கள் பெருந்தன்மையை மறக்க மாட்டோம்.

கைதியைப் பற்றிச் சில தகவல்கள். மணப்பாறை முறுக்கு 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது இந்திய அரசே இன்னார் இன்ன ஊர்க்காரர் என்று சான்று தந்திருக்கிறது. எனக்கே ஆதாரில் இன்னும் பழைய விலாசம்தான். முறுக்கின் மேல் முன்வழக்கு எதுவும் கிடையாது. அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்த பண்டம் அது. இரண்டு முறை பொரிந்து வந்ததால் தங்கள் விசாரணைக்கு அஞ்சப்போவதில்லை.

சட்டம் தங்கள் பக்கம் இருப்பதை அறிவேன். 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அந்த விசாரணையில் தலைமை நீதிபதி உதாரணத்துக்கு எடுத்தது ஜிலேபியை. தின்றவர் கையை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்கிற செலவு யாருடையது என்று கேட்டார். தந்தூரி சிக்கனும் பேச்சில் வந்துபோனது. நியாயமான கேள்விதான். ஆனால் கனம் கோர்ட்டார் முன் என் கட்சிக்காரர் சார்பில் பணிவோடு ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன்: முறுக்கு ஒட்டாது. ஜிலேபி செய்த குற்றத்துக்கு முறுக்கு உள்ளே போயிருக்கிறது. இருக்கையில் ஒட்டுவது எது என்று பார்க்க வேண்டுமானால், தாங்களே விற்கிற சீஸ் நாச்சோஸ் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போனபடி கைப்பிடியில் அப்படியே இருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லை.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். தருகிறீர்கள். கழிவறைக்குத் திரும்புகிற மூலையில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில், ஒரு குழாய். டம்ளர் இல்லை. கவுன்ட்டரில் ஒரு பேப்பர் கப் கேட்டேன். "கப்புக்கு ஸ்டாக் கணக்கு இருக்கு சார், தர முடியாது" என்றார் அங்கிருந்த பெண். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலோ வாசலிலேயே முறுக்கோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. பெரியம்மா உள்ளங்கையைக் குவித்துக் குடித்தார். குளிரூட்டப்பட்ட கட்டடத்தில், கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு.

சரி, பாப்கார்னுக்கு வருவோம். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்பு போட்டால் 5 விழுக்காடு, பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18 என்று விளக்கம் தந்தபோது ஊரே சிரித்தது. 2025 செப்டம்பரில் 12 என்ற அடுக்கே போய்விட்டது. தாங்கள் சுடச்சுட அள்ளித் தரும் உப்புப் பாப்கார்னுக்கு வரி அன்றும் 5, இன்றும் 5. ஆகவே ஒரு டப்புக்கு என்னிடம் வாங்கிய 490 ரூபாய்க்கு டெல்லியைக் கைகாட்ட வழியில்லை. அத்தனையும் தங்கள் சொந்தக் கற்பனை வளம். இந்த வாரம் வெளியான எந்தப் படத்திலும் அவ்வளவு கற்பனை இல்லை.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்குக் கடிவாளம் உண்டு; மல்டிபிளெக்ஸில் அதிகபட்சம் 150, வரி தனி என்று 2017-ல் அரசு ஆணை போட்டது. அந்த டிக்கெட் பணத்திலும், பெரிய படமென்றால் முதல் வாரம் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். பாப்கார்னில் பங்கு கேட்டு எந்த விநியோகஸ்தரும் வந்து நிற்பதில்லை. அதனால் சோளத்தில் சம்பாதிக்கிறீர்கள். சம்பாதியுங்கள். வேண்டாமென்கிறவன் வாங்காமல் இருந்துவிட்டுப் போகிறான். ஆனால் வாங்காதவனைத் திருடனைப் போல நிறுத்திப் பையைக் கவிழ்ப்பது எந்தக் கணக்கில் வருகிறது?

பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் எதையாவது வாயில் போட்டாக வேண்டும். இதை நான் சொன்னதும் சூப்பர்வைசர் வந்தார். "டாக்டர் சீட்டு இருக்கா சார்?" என்றார். அத்தனை பேர் முன்னால், ஒரு வயதான மனுஷி தனக்கு வியாதி இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "விடுப்பா, நான் ஒண்ணும் சாப்பிடல" என்றார். அதற்குமேல் படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இது வியாபாரமல்ல, ஐயா. அசிங்கம். இதற்கு எந்தக் கோர்ட்டும் உங்களுக்கு உரிமை தரவில்லை.

மன்னிக்க வேண்டும், சற்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். தங்கள் அரங்கின் சாய்வு நாற்காலிகள் அற்புதம். ஒலியமைப்பு பிரமாதம், பக்கத்து அரங்கில் ஓடிய படமும் தெளிவாகவே கேட்டது.

வாசலில் நின்ற காவலர்மேல் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க நின்றபடி பிறத்தியார் பிஸ்கட்டைப் பிடுங்குகிற வேலை அவருக்கு மட்டும் இனிக்குமா? அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மேசைக்கடியில் இருந்ததைப் பார்த்தேன். அதுவும் வெளி உணவுதான். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஜாமீன் மனுவுக்கு உதவும். 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் வந்த டூரிங் கொட்டகைகளில்தான் பெரியம்மா படம் பார்த்து வளர்ந்தார். தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார வேண்டும், முன்னால் இருப்பவர் இன்னும் உயரமாகக் குவித்தால் சண்டை. இடைவேளையில் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு "முறுக்கேய், கடலை மிட்டாய், சோடா கலர்" என்று உள்ளேயே வந்து விற்பார்கள். தமிழ் சினிமாவை முறுக்கு இடைவேளைதோறும் பார்த்திருக்கிறது. தங்கள் பாப்கார்ன் நேற்று விசா வாங்கி வந்தது. வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு விருந்தாளிக்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

படத்துக்கு முன் ஓடும் விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ரசிகர்கள் எல்லாரும் பார்த்து முடித்தவர்கள். பெங்களூரில் ஒருவர் 4.05 காட்சிக்குப் போய் 4.30 வரை விளம்பரம் பார்த்ததற்கு, மன உளைச்சலுக்காக 20,000 ரூபாய் தரச் சொல்லி 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. விளம்பரத்துக்குக் கிடைத்த நிவாரணம் முறுக்குக்கும் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

படம் முடிந்து வந்து கேட்டால் வாசலில் வேறு ஆள். "ஷிஃப்ட் மாறிடுச்சு சார், அந்த டப்பா தெரியாது." டோக்கனும் தரவில்லை, ரசீதும் தரவில்லை. கைதி காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். கால் இல்லாத பண்டம் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடியது ஆச்சரியம்தான். முறுக்கு போனால் போகிறது. அந்த டப்பாவில் பெரியப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. அதை மட்டுமாவது தேடித் தாருங்கள்.

மற்றபடி விண்ணப்பம் சிறியது. குழாய்க்குப் பக்கத்தில் நாலு டம்ளர் வையுங்கள். படம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை டிக்கெட்டில் போடுங்கள். பறிக்கிற பொருளுக்கு ஒரு டோக்கன் கொடுங்கள். சர்க்கரை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள்.

புதுப்படங்கள் நான்கே வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடுகின்றன, எட்டு வாரமாவது தள்ளிப்போட வேண்டும் என்று திரையரங்க உரிமையாளர்கள் கேட்டுவருகிறார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "எட்டு வாரந்தானே, நான் வீட்டுலயே பாத்துக்கறேன்" என்றார்.

இப்படிக்கு,
இடைவேளையில் எழுந்துகூடப் போகாத தங்கள் முன்னாள் ரசிகன்.