14 கிராம் அன்பர்

நம்மவருடைய சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அடுப்பு இருக்கும். மலையேறுகிறவர்கள் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போய், ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, இரண்டு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொள்வதற்கென்று ஏற்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கிண்ண அடுப்பு அது. இத்தகைய மகானுபாவர் ஒருவர் மேச்சேரியில் வாசம் செய்கிறார் என்று நான் பிரஸ்தாபித்தவுடனே, ஓமலூரிலும் நங்கவள்ளியிலும் ஜலகண்டாபுரத்திலும் உள்ள வாசகர்கள், "அவரா, எங்கள் தெருக்காரர் அல்லவா!" என்று சொல்லக்கூடும். ஒருவர் காமிராவை ஆராய்வார், இன்னொருவர் சைக்கிளை ஆராய்வார். பண்டந்தான் வேறு, பிரகிருதி ஒன்றே.

நிறுத்துப் பார்க்காத எந்த வஸ்துவையும் அவர் நம்புவதில்லை. சேலத்துக் கொலுசின் முத்துக்களையும் திருகாணிகளையும் நிறுப்பதற்கென்று மைத்துனருடைய வெள்ளிப் பட்டறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசில், கூலிக்கு வந்த வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, இவர் தம்முடைய அடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றின் எடையையும் தசம ஸ்தானம் வரையில் குறிப்புப் புத்தகத்தில் பதிந்துகொள்வார். ஸ்வீடன் தேசத்தில் 1925-ஆம் ஆண்டு ஸ்தாபிதமாகி, 1951 முதல் ஸ்பிரிட் அடுப்பு செய்துவரும் ட்ராங்கியா கம்பெனியாரின் பித்தளை அடுப்பு, உலகமெங்கும் மலையேறிகள் பக்தியோடு சுமந்து செல்வது, 110 கிராம். குளிர்பானத் தகர டப்பா இரண்டின் அடிப்பாகங்களை வெட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, விளிம்பில் ஊசியால் துளையிட்டு அவரே செய்துகொண்ட அடுப்பு 14 கிராம். ஆகவே லாபம் 96 கிராம். இந்த 96 கிராமை அவர் உச்சரிக்கும் குரலைக் கேட்டால், பூர்வீகச் சொத்து வழக்கில் ஜயித்துவிட்டு வந்தவரோ என்று தோன்றும்.

அடுப்பு ஒன்றுதான் 14 கிராம். அதன்மேல் பாத்திரம் வைக்க ஒரு முக்காலி, காற்றை மறைக்க அலுமினியத் தகடு, ஸ்பிரிட்டை அளந்து ஊற்ற மில்லிக் கோடு போட்ட குப்பி, ஒரு லைட்டர், அது நனைந்துபோனால் ஆகுமென்று இரண்டாவது லைட்டர், அதுவும் நனைந்துபோனால் ஆகுமென்று தீப்பெட்டி, வெந்நீரின் உஷ்ணத்தைப் பார்க்க ஒரு மானி, அப்புறம் அந்தக் குறிப்புப் புத்தகம். இவை அனைத்தையும் ஒருசேர நிறுத்துப் பார்த்தால் என்ன என்று நான் விநயமாகக் கேட்டதற்கு, வெள்ளித் தராசு அவ்வளவு பளுவைத் தாங்காது என்று பதில் வந்தது.

மேச்சேரி ஆட்டுச் சந்தையில் வியாபாரிகள் தராசைத் தேடுவதில்லை. ரோமம் குறைந்து, பழுப்பாய், தோலுக்குப் பேர்போன அந்த ஊர்ச் செம்மறியின் முதுகெலும்பில் விரலை ஓட்டி, ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு, இத்தனை கிலோ கறி நிற்கும் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் நம்மவர் தம்முடைய அடுப்பை நீட்டி, "எடை சொல்லுங்க பார்க்கலாம்" என்று சவால் விட்டார். அந்த மனிதர் அடுப்பைத் தொடக்கூட இல்லை, நம்மவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுப்பு கெடக்குதுங்கண்ணா, உங்களுக்கு உசுரு எடை தொண்ணூறு வருமுங்க" என்றார். அந்த எடை மாத்திரம் குறிப்புப் புத்தகத்தில் ஏறவில்லை.

நியாயத்தைச் சொல்லவேண்டும்: சாஸ்திரம் அவருக்கு நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெய் கிராமுக்கு ஏறக்குறைய 43 கிலோஜூல் உஷ்ணம் தருமென்றால் ஸ்பிரிட் தருவது 27 தான்; ஆதலால் ஓரிரு நாள் யாத்திரைக்கு அடுப்பின் இலேசு ஆதாயம், பத்து நாள் யாத்திரைக்கோ சுமக்கவேண்டிய ஸ்பிரிட்டின் பளு அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும் என்று அவர் சாங்கோபாங்கமாக விளக்கும்போது மறுத்துப் பேச இடமில்லை. பத்து நாள் யாத்திரை எதற்கும் அவர் போனதில்லை என்பது வேறு விஷயம். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று கண்டதிலிருந்து, அங்கேயே குடியேறிவிட்டால் ஆயுளில் எவ்வளவு ஸ்பிரிட் மிச்சமாகும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

ஸ்பிரிட்டுக்கு அவர் படும் பாடு தனிப் புராணம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாக அமல்நடத்தத் தேர்ந்தெடுத்த ஜில்லா இந்தச் சேலம் ஜில்லா. இங்கே ஒரு கிருகஸ்தர் மருந்துக் கடையில் காயம் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பாட்டில் பாட்டிலாகவும், ஹார்டுவேர் கடையில் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டை லிட்டர் கணக்கிலும் விசாரித்துக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்? அதிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அத்தனை உயிர்களைக் குடித்த பிறகு, கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்ப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை அந்தி சாய்ந்ததும் பாட்டிலும் கையுமாக மொட்டை மாடிக்கு ஏறுகிறார் என்ற சமாசாரம் தாரமங்கலம் வரையில் பரவி, மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். "இதைக் குடிக்க முடியாதுங்க அத்தை, விஷம் கலந்திருக்குது" என்று நம்மவர் சமாதானம் கூறியதும், அதுவரை விசும்பிக்கொண்டிருந்த அந்த அம்மாள் வாய்விட்டே அழத் தொடங்கிவிட்டார்.

இவரோடு நாங்கள் சிலர் மேட்டூருக்கு அப்பால் பாலமலைச் சித்தேஸ்வரனைத் தரிசிக்கப் புறப்பட்டோம். உச்சிப் பொழுதில் ஒரு பாறையின்மேல் உட்கார்ந்து, முக்காலியை நிறுத்தி, தகட்டை வளைத்து, 20 மில்லியை அளந்து ஊற்றிக் கொளுத்தினார். ஸ்பிரிட்டின் சுடர் பகல் வெயிலில் கண்ணுக்குப் புலனாகாது. கடிகாரத்தைப் பார்த்தபடி அவரும், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தபடி நாங்களும் மௌனமாக அமர்ந்திருந்த கோலத்தைக் கண்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு மலையேறி வந்த ஒரு பாட்டி நின்றுவிட்டார்.

"அடுப்புப் பத்தலீங்களா சாமி?"

"எரியுதுங்கம்மா. தெரியாது."

பாட்டி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு மூட்டையை அவிழ்த்து, ஆளுக்கொரு கவளம் புளிச்சோறு வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதை உண்டு கை கழுவிய பிறகும் தண்ணீர் கொதிக்கவில்லை. கடைசியில் வந்த தேநீரில் சர்க்கரை இல்லை. பளு என்று வீட்டிலேயே விட்டுவிட்டாராம்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இறங்கும்போது நடந்ததற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பாறையில் அடித்த காற்றினால் அளவு தப்பிவிட்டது, நிழலில் ஒருமுறை பரீட்சிக்கவேண்டும் என்று சொல்லி, முழங்கால் அளவு சருகு கிடந்த மரத்தடியில் அவர் மறுபடியும் அடுப்பை இறக்கினார். காப்புக் காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்றோம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் மாண்டதை நினைவூட்டினோம். "அது காட்டுத் தீ; இது 14 கிராம்" என்றார். கொளுத்தியும் விட்டார். சற்றுப் பொறுத்து, சுடர் தெரியாததால் அணைந்துவிட்டதென்று தாமாகவே தீர்மானித்துக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த அடுப்பிலேயே ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்க்கப் போனார். பாட்டிலின் வாய் வழியாகத் தீ உள்ளே ஏறினால் கை போகும், முகம் போகும், அப்புறம் காடும் போகும். இது எதுவும் அவருக்குத் தெரியாததல்ல. அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. தெரிந்தும் செய்கிறவரோடு மலைக்குப் போவதற்கு எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

பாட்டிலைப் பிடுங்கி, அடுப்பின்மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினேன். அவர் என்னோடு பேசாமலே மலையிறங்கினார். அன்றைய தேதிக்கு நேரே குறிப்புப் புத்தகத்தில், "வெளியார் தலையீட்டினால் பரீட்சை பூர்த்தியாகவில்லை" என்று எழுதியிருப்பதாகப் பிற்பாடு அவருடைய மைத்துனர் சொல்லக் கேட்டேன்.