பல்லுதான் வாடகை

ஏ பேராண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத இடமாப் பாத்து வீடு எடுக்கப் போறியாமே? வீட்டுக்காரன் கதவைத் தட்டக் கூடாது, பக்கத்து வீட்டு டிவி காதுல விழக் கூடாது, சொந்தக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கக் கூடாது. பேஷ்! எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு இடம் அண்டார்டிகாதான். ஆனா அங்கயும் ஒனக்கு முந்தி ஒருத்தன் குடிபோயிட்டான். வெடல் சீல்னு பேரு, கடல்நாய் இனம். 400, 500 கிலோ தேறும். வெயில் காலத்துல ஐஸ் மேல மல்லாந்து கெடக்கும். பாக்கிறவனுக்குக் கொடுத்து வச்ச பொழப்புன்னுதான் தோணும்.

அது அங்க போன காரணத்தைக் கேளு. மிதக்கிற ஐஸ் கட்டி மேல படுத்தா, ஓர்கா திமிங்கலங்க கூட்டாச் சேந்து வந்து அலையைக் கெளப்பி, படுத்திருக்கிறதை அப்படியே தண்ணிக்குள்ள உருட்டி விட்டுரும். அதான் கரையை ஒட்டி, ஆள் உசரத்துக்குக் கெட்டியா உறைஞ்ச ஐஸ் பக்கம் ஒதுங்கிருச்சு. மூச்சு விட வழியில்லாத அந்தக் கூரைக்கு அடியில ஓர்கா தலை காட்டாது. மனுசனை விட்டுட்டுப் பாத்தா, இதுக்குத் தெக்க எந்தப் பாலூட்டியும் பிள்ளை பெத்து வளக்கல.

சரி, விரோதி வராத வீடு கெடச்சிருச்சு. வாசல்? சீல் என்ன மீனா? ஒன்னைப் போல அதுவும் மூக்காலதான் மூச்சு விடணும். கடப்பாரையுமில்ல, கொத்தனாருமில்ல. மேல் வரிசை வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக்கிட்டிருக்கும். வாயை அகலத் தொறந்து, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டி, ஒங்க பாட்டி தேங்கா துருவுற மாதிரி ஐஸைத் துருவுது. ஒரு தரம் துருவினாத் தீந்துச்சா? அந்தக் குளிர்ல ஓட்டை திரும்பத் திரும்ப மூடிக்கிட்டே வரும். குளிர்காலம் பூரா இதே வேலைதான். வருசம் போகப் போகப் பல்லு மழுங்கும், ஈறு சீழ் பிடிக்கும். பல்லு போனா இரையும் இல்ல, வாசலும் இல்ல. அத்தோட கதை முடிஞ்சுது.

குளிர்காலத்துல அது வெளிய வர்றதே அபூர்வம். மேல காத்து மைனஸ் 40 டிகிரி, கீழ தண்ணி மைனஸ் 2-க்குக் கொஞ்சம் மேல. அது கணக்குல தண்ணிதான் வெதுவெதுப்பு. நீ மார்கழி வந்தா ஹீட்டரைப் போட்டுட்டு குளியலறை வாசல்ல நிக்கிற ஆளு.

நம்ம பயலுக கெணத்துல முங்குறப்ப நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக்கிட்டு முங்குவானுக. இது காத்தை வெளிய விட்டுட்டு முங்குது. ஆக்சிஜனை ரத்தத்துலயும் தசையிலயும் சேத்து வச்சிருக்கு. மண்ணீரல்ல சிவப்பணு வேற ஸ்டாக். உள்ள போனதும் இதயத் துடிப்பைக் கொறச்சுக்கிடும். 1960-கள்ல ஜெரால்ட் கூய்மன்னு ஒரு அமெரிக்கர், அடுப்படியில நேரம் பாக்கிற டைமரை வச்சு ஒரு கருவி செஞ்சு, இதோட முதுகுல மாட்டி விட்டுத்தான் எம்புட்டு நேரம், எம்புட்டு ஆழம்னு அளக்க ஆரம்பிச்சார். 600 மீட்டருக்குக் கீழயும் போகுது, 80 நிமிசத்துக்கு மேலயும் மூச்சடக்குது. உள்ள போறது பெரிசில்ல. கும்மிருட்டுல மீனைப் புடிச்சுட்டு, போன ஓட்டையவே தேடித் திரும்பி வரணும் பாரு, அங்கதான் இருக்கு சூட்சுமம். எட்டு மணிக்கு மேல ஒனக்கு நம்ம தெருவே அடையாளம் தெரியாது.

அக்டோபர் வாக்குல ஐஸ் மேல குட்டி விழும். தாய்ப்பாலு பாதிக்குப் பாதி கொழுப்பு. ஆறேழு வாரத்துல 30 கிலோ குட்டி 100 கிலோவைத் தொடும். தாய்க்காரி ஒடம்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சு போகும்.

தகப்பன் எங்கன்னு கேக்குறியா? ஐஸுக்கு அடியில, 'இந்த ஓட்டை என் எல்லை'ன்னு இன்னொரு கெடாவோட கடிபட்டுக்கிட்டிருக்கான். அவனுக போடுற சத்தம் ஐஸுக்கு மேல நிக்கிறவன் காது வரைக்கும் வரும். ஆளே இல்லாத ஊருல எல்லைத் தகராறு!

போறதுன்னா போ, நான் தடுக்கல. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துரு.