கால் சதவீத மாமா

மேற்கு மாம்பலத்தில் எங்கள் கீழ் போர்ஷன் மாமா காலை பத்து மணிக்கு மஞ்சப்பையோடு கிளம்புகிறார் என்றால், ஏதோ ஒரு வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம். பேப்பரில் ராசிபலன் பார்க்கமாட்டார். ரெப்போ விகிதம்தான். அது இறங்கிய அன்று அவருக்குக் காபி இறங்காது.

அறுபது நிரம்பியதும் மாமாவும் மாமியும் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்வந்தார்கள். மறுநாளே, சந்தனம் காய்வதற்குள், மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீதம் கேட்டு வங்கி வாசலில் நின்றார். மனுஷர் அந்த நாளுக்காகத்தான் வயசாகிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

ஒரு வங்கிக்கு நாலரை லட்சம். அதற்குமேல் ஒரு பைசா போடமாட்டார்.

"டெபாசிட் இன்ஷூரன்ஸ் அஞ்சு லட்சமாச்சே மாமா?"

"அசலும் வட்டியும் சேர்த்துத்தான்டா அஞ்சு! பேங்க் படுத்துண்டா வட்டியை உன்கிட்டயா வந்து கேட்பேன்?"

2020 பிப்ரவரி வரை அந்த வரம்பு ஒரு லட்சம்தான். அப்போது அவருக்கு எத்தனை பாஸ்புக் இருந்திருக்கும்! இப்போதும் ஜனவரியில் காலண்டர் மாட்ட சுவரில் ஆணி போதாது; ஏப்ரலில் வட்டியில் வரி பிடிக்காதிருக்கப் படிவம் கொடுத்து முடிக்க ஒரு வாரம் ஆகும்.

பெங்களூரில் இருக்கும் பையன் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறான். "சந்தை அபாயம்னு விளம்பரத்துலயே மூச்சுவிடாம சொல்லிட்டு ஓடறான். அவ்வளவு அவசரத்துல இருக்கறவன்கிட்ட காசைக் கொடுக்கலாமோ?" என்கிறார் மாமா.

ரப்பர் பேண்ட் போட்ட டைரி ஒன்று வைத்திருக்கிறார். எந்த எஃப்.டி. எந்த தேதியில் முதிர்கிறது என்று நாலு கலர் மையில் எழுதியிருக்கும். மாமியின் பிறந்தநாள் அதில் இல்லை.

மாமிக்கு டைரி கிடையாது. 2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டி.வி.யில் சொன்னதும், சமையலறைக்குப் போய்த் துவரம்பருப்பு டப்பாவைக் கவிழ்த்தாள். பருப்போடு சேர்ந்து விழுந்தது நாற்பத்துமூன்றாயிரம். அத்தனையும் ஐந்நூறு ரூபாய் நோட்டு. மாமா கத்தப்போகிறார் என்று மாடிப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தழுதழுத்த குரலில் கேட்டார்:

"இத்தனை வருஷம்... வட்டியே இல்லாமலா கிடந்தது?"

மாமி அதற்குப்பிறகு நூறு ரூபாய் நோட்டாகத்தான் சேர்க்கிறாள். டப்பா மட்டும் பெரிதாகியிருக்கிறது.