சுழி மாமா

சந்தவாசலில் பட்டுத்தறி ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆடி வெள்ளி தவறாமல் படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிடப் போகிறவர்கள் உண்டு. குதிரை வைத்திருப்பவரை மட்டும் நான் பார்த்ததில்லை. ஆனால் குதிரையைப் பற்றிக் கருத்து இல்லாதவரையும் பார்த்ததில்லை. இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் சுழி மாமா.

"செஞ்சி தேசிங்கு ராஜா குதிரைக்கே எங்க வம்சத்து ஆளுதான் சுழி பாத்தது" என்பார்.

தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்டவர். அதை யாராவது எடுத்துச் சொன்னால் மாமா அசரமாட்டார். "குதிரைக்குச் சுழி சரியாத்தான் இருந்துச்சு. ராஜாவுக்குத்தான் சரியில்ல."

எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடும் யோசனை வந்தது. குட்டியாக வாங்கினால் விலை குறைவு, சொன்ன பேச்சும் கேட்கும் என்பது அவன் கணக்கு. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கிளம்பினான். மாமா முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அங்கே காதுமடல் உள்பக்கமாக வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும் மார்வாரி, கத்தியவார், வெள்ளை வெளேரென்று நொக்ரா எல்லாம் நின்றன. மாமா நேராக ஒரு குட்டியிடம் போய், பிடரி மயிரை இரண்டு விரலில் எடுத்து, சேலையில் ஜரிகை பார்ப்பதுபோல வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு முதுகைத் தடவி, "இது ராஜ சுழி, இது பாடைச் சுழி" என்று அறிவித்தார். இரண்டும் மாட்டுக்குச் சொல்கிற சுழிகள். குதிரைக்கு அது தெரியாது, சந்தோஷமாகத்தான் நின்றது.

சுழிக்கு ஒரு நிஜமான பயன் உண்டு. குதிரைகளின் பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில் எத்தனை சுழி என்று வரைந்து வைப்பார்கள். பிறந்ததிலிருந்து மாறாத அடையாளம் என்பதால், குதிரையை மாற்றிக் கொடுத்து ஏமாற்ற முடியாது. ஆனால் அது ஆளை அடையாளம் காட்டுமே தவிர, குணத்தைக் காட்டாது.

"மூணு வயசு" என்றார் விற்பவர். மாமா தலையாட்டினார். பையன் வாயைத் திறந்து பார்த்தான். முன்பல் எல்லாம் சின்னச் சின்னப் பால்பல். நடுப்பல் ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அடுத்த ஜோடிக்கு மூன்றரை, ஓரப்பல்லுக்கு நாலரை. அப்படியானால் இது இரண்டரை வயதைத் தாண்டாத பிள்ளை. (வயதைக் கூட்டிக் காட்டப் பால்பல்லைப் பிடுங்குகிற வியாபாரிகளும் முன்பு உண்டு. இவர் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.)

"அதனால இன்னா? வளர்ந்துட்டுப் போவுது" என்றார் மாமா.

வளரும். யார் செலவில் என்பதுதான் கேள்வி. குதிரையின் முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். மூன்று வயதுக்கு முன்னால் மேலே ஆள் ஏறினால் காலும் முதுகும் கெடலாம். அதுவரை அது தின்னும், லாயத்தை உதைக்கும், லாடக்காரரை அலறவைக்கும். ஒரு மாப்பிள்ளையைக்கூடச் சுமக்காது. ஏறத் தெரியாத பையனும் ஏற்றத் தெரியாத குட்டியும் சேர்ந்தால் யார் யாருக்குப் பாடம் சொல்வது? முதல் குதிரை வாங்குகிறவன், ஊர்வலத்தில் வேட்டுச் சத்தம் பழகிய எட்டு, பத்து வயதுக் குதிரையாகப் பார்ப்பதுதான் புத்தி என்பது என் கட்சி.

குட்டியேதான் வேண்டுமென்றாலும், வாங்குமுன் சமதரையில் அதை நடக்கவிட்டு எதிரே வரும்போதும் திரும்பிப் போகும்போதும் காலைக் கவனிக்கவேண்டும். குளம்பைத் தூக்கி மோந்து பார்க்கவேண்டும், அழுகலை மூக்குக் காட்டிக்கொடுக்கும். கிளாண்டர்ஸ் இல்லையென்று ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கேட்கவேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். மாமா இந்த மூன்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. சுழி சரியாக இருந்தால் சீட்டு எதற்கு என்பது அவர் வாதம்.

பேரத்தில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. துண்டைப் போட்டு, அடியில் விற்பவரின் விரலைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார். முகம் சிவந்தது, கையை உருவிக்கொண்டார். எத்தனை லட்சம் என்று பையன் கேட்டதற்கு, "அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாதுடா" என்றார்.

குட்டி அங்கேயே நின்றது. மாமா ஒரு சாட்டையும் ஒரு ஜோடி சலங்கையும் வாங்கிக்கொண்டார். இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் அவை மாட்டியிருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் "குதிரை எங்க மாமா?" என்று கேட்டால், "மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்கிறார்.