ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கண் சிமிட்டல்

தொழிலாளர் வைப்புநிதியோடு வருகிற 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. பத்தாண்டு தாண்டியும் அது அசையவில்லை. நாட்டில் விலை ஏறாத ஒரே பொருள் கிழவர்கள்தான் போலும்.

கணக்கில் குறை சொல்ல முடியாது. சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் பொதுவாக 15,000-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 35 ஆண்டு உழைத்தவருக்கு 7,500.

இதை வாங்க ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். பஞ்சாலையில் நூல் இழுத்துத் தேய்ந்த கட்டைவிரலைக் கருவி ஏற்காது. கவலை வேண்டாம், முகம் பார்க்கும் செயலி வந்துவிட்டது. கைபேசியை நீட்டிப் பேரன் சொல்கிறான்: "தாத்தா, கண்ண சிமிட்டு. இன்னொரு தடவ."

பெரியவர் சிமிட்டினார். பிறகு கேட்டார்: "சீட்டுக்காரன் ஓடிப்போனா போலீஸ்ல சொல்லலாம். இவங்க ஓடவும் மாட்டேங்கிறாங்களே, யார்கிட்டடா சொல்றது?"