பெறுநர்: நியூயார்க் நகரக் கட்டடத் துறை

பொருள்: ஜனவரியில் திறந்து கிடக்கும் ஜன்னல்கள் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

விண்ணப்பதாரர் முதலில் துறையைப் பாராட்டிவிடுகிறார். பின்னால் சந்தர்ப்பம் அமையாது. நகரின் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களின் உபயம். அதைக் கண்டு நகர மன்றம் 2019இல் 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றி, தங்கள் கையில் ஒப்படைத்தது. 25,000 சதுர அடியைத் தாண்டும் கட்டடங்களுக்கு 2024 முதல் வரம்பு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும்.

ஆனால் ஐயா, ரேடியேட்டர் இறுகவில்லை. பழைய அடுக்ககங்களில் கீழே பாய்லர் எரிய, மேலே நீராவி புஸ்ஸென்று சீறுகிறது. தணிக்கலாமென்றால் வால்வு, பல தலைமுறை பெயின்ட் பூச்சில் உறைந்துபோய் அசைய மறுக்கிறது. குடியிருப்பவர் வேறென்ன செய்வார்? கொட்டும் பனியில் ஜன்னலைத் திறக்கிறார். 1918 விஷக்காய்ச்சலுக்குப் பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அறை சூடாக இருக்கவேண்டும் என்றுதான் இந்தப் பாய்லர்களைப் பெரிதாக வைத்தார்கள் என்று அந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. நோய் போய் நூறாண்டு ஆயிற்று. மருந்து இன்னும் ஓடுகிறது.

வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 20 டிகிரியாவது இருக்கவேண்டும் என்பது நகர விதி. குறைந்தபட்சத்தை விதி பார்த்துக்கொள்கிறது. அதிகபட்சத்தை ஜன்னல்.

வாசலில் 2020 முதல் எரிசக்தி மதிப்பெண்ணை எழுத்தாக ஒட்டச் சொன்னீர்கள். நல்ல யோசனைதான். என்ன, ஓட்டல் கதவில் சுகாதாரத்துக்கான 'சி' கண்டால் முகம் சுளித்துத் திரும்பும் அதே ஊர்க்காரர், 'டி' ஒட்டிய வாசல் வழியே விசிலடித்தபடி வீட்டுக்குப் போகிறார்.

2023 டிசம்பரில் துறையே ஒரு ஜன்னலைத் திறந்தது. வரம்பை எட்டாதவர் 'நல்லெண்ண முயற்சி' காட்டி, கார்பனைக் குறைக்கும் திட்டமொன்றைத் தாக்கல் செய்தால் இரண்டாண்டு தவணை கிடைக்கும் என்றது. அசலைக் கட்ட முடியாதவர், கட்டும் எண்ணத்தைக் கட்டினால் போதும்! இவ்வளவு தாராளமான வட்டிக்கடை விண்ணப்பதாரரின் சொந்த ஊரில் இல்லை.

எம்பயர் ஸ்டேட் கட்டடக்காரர்கள் தவணை கேட்கவில்லை. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டடத்துக்குள் பட்டறை போட்டு, 6,514 ஜன்னல்களையும் கழற்றி, பழைய கண்ணாடியையே பயன்படுத்திச் செப்பனிட்டு மாட்டினார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தடுப்பும் வைத்தார்கள். கேட்பதற்குக் கொல்லர் வேலைபோல எளிமையாக இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுக்கு ஆலோசகர் தேவைப்படுகிறார்.

வழிபாட்டு இடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாடுள்ள பல வீடுகளுக்கும் இதே சட்டம் பதின்மூன்று வேலைகளின் பட்டியலொன்றைத் தருகிறது: குழாய்க்கு உறை, ஸ்டீம் டிராப் பழுதுபார்ப்பு, ரேடியேட்டருக்குத் தனிக் கட்டுப்பாடு... விண்ணப்பதாரரின் கோரிக்கை சிறியது. தவணை கேட்டு வருகிறவரின் திட்டக் கோப்பைப் பிரிக்குமுன், ஜனவரி இரவொன்றில் அந்தக் கட்டடத்தின் எதிர் நடைபாதையில் துறையினர் ஐந்து நிமிடம் நின்று, திறந்த ஜன்னல்களை எண்ணவேண்டும். எண்ணிக்கையைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் ஆலோசகர் செலவும் மிச்சம்.

இப்படிக்கு,
நான்காம் மாடி, ஜன்னலோரம்.

இணைப்பு: ஒரு பக்கம். காற்றில் பறந்துவிட்டது.